பிக்காசோவின் உணவுத் தட்டுகள்: புடைப்பு, நிறக்குழம்பு, மீன்முள் அச்சு குறித்துச் சில கேள்விகள்

வண்டல்:

வணக்கம் நண்பர்களே. தெற்கு பிரான்ஸின் வலோரிஸ் ஊரில், மதூரா பட்டறையில் பிக்காசோ செய்த சுடுமண் வேலைகளில் முகங்கள், ஆந்தைகள், காளைச் சண்டை இவற்றைப் பற்றித்தான் எங்கும் பேச்சு. நான் கேட்க வந்தது அவருடைய உணவுத் தட்டுகளைப் பற்றி. உண்மையான தட்டு ஒன்றின் மேல் மண்ணாலேயே மீன், எலுமிச்சை வட்டம், பொரித்த முட்டை, முட்கரண்டி. ஸ்டில் லைஃப் ஓவியத்தில் மேசை, தட்டு, பழம் எல்லாமே வரைந்தவை. இங்கே தட்டு நிஜம், உணவு மட்டும் மண்.

தெரிந்துகொள்ள விரும்புவது இவை. புடைத்து நிற்கும் மீனும் கரண்டியும் அச்சில் அழுத்தி எடுத்தவையா, தனியே செய்து ஒட்டியவையா? உண்மையான மீன்முள்ளை மண்ணில் பதித்தார் என்கிறார்களே, அதைச் செய்யும் முறை என்ன? ஒரே தட்டில் சில இடம் பளபளக்கிறது, சில இடம் வறண்ட மண்ணாக நிற்கிறது. அது எப்படி வருகிறது? ஒரே படம் பல தட்டுகளில் வருவதையும் பார்க்கிறேன்; எது அவர் கைப்பட்ட தனிப் படைப்பு, எது பதிப்பு என்று எப்படி அறிவது?

என்னிடம் 1100 டிகிரி வரை போகும் மின்சூளை இருக்கிறது. மண் சிவப்பு, கிராக் (சுட்டு இடித்த மண்தூள்) கலக்காதது. அதே வழியில் ஒரு பெரிய நீள்சதுரத் தட்டு செய்ய நினைக்கிறேன். எது எங்கே கெடும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டுச்சித்திரம்:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். எது யார் கை என்று தெரியாமல் செய்முறையைப் பேசினால் குழப்பம்தான் வரும்.

1946 கோடையில் வலோரிஸில் குயவர்களின் கண்காட்சியைப் பார்க்கப் போனபோதுதான் மதூரா பட்டறையை நடத்திய சுசான், ஜார்ஜ் ராமியே தம்பதியரை பிக்காசோ சந்தித்தார். அன்று சில சிறு உருவங்களை மட்டும் பிடித்து வைத்துவிட்டுப் போனார். மறு ஆண்டு திரும்பி வந்து தொடர்ந்து வேலை செய்யத் தொடங்கினார். இடைப்பட்ட இலையுதிர் காலத்தை விட்டுவிடக் கூடாது. பக்கத்து ஊரான ஆன்டீபில் கிரிமால்டி கோட்டை அருங்காட்சியகத்தில் வேலை செய்ய இடம் கொடுத்தார்கள். அங்கே கடல் முள்ளெலி, மீன், விலாங்கு, ஆந்தை என்று வரிசையாக ஸ்டில் லைஃப் வரைந்தார். போர் முடிந்த தட்டுப்பாட்டுக் காலம் என்பதால் ரிப்போலின் எனாமல் பெயின்ட்டும் ஒட்டுப்பலகையும் சிமென்ட் நார்ப்பலகையும்தான் பயன்பட்டன. அந்த மேசைப் பொருட்களே 1947 முதல் மண்ணில் இறங்குகின்றன. 1948இல் அந்த அருங்காட்சியகத்துக்கே 78 சுடுமண் படைப்புகளைக் கொடுத்தார். இரண்டையும் ஒரே கட்டிடத்தில் பார்க்க முடிவது பெரிய வசதி.

இன்னும் பின்னால் போனால் 1914இல் 'அப்சிந்த் கோப்பை' என்ற சிற்பம் (அப்சிந்த் ஒரு மதுவகை). ஆறு வெண்கல வார்ப்புகள், ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு நிறப்பூச்சு, மேலே உண்மையான கரண்டி. அதே ஆண்டில் மரத்துண்டுகளால் செய்து, நிஜமான மேசைக் குஞ்சம் ஒட்டிய ரொட்டி, சாசேஜ் படைப்பும் உண்டு. ஸ்டில் லைஃபைச் சட்டகத்திலிருந்து இறக்கி மேசையிலேயே வைக்கும் முயற்சி அவரிடம் அப்போதே இருந்தது. ஆகவே வலோரிஸ் தட்டுகளை ஓய்வு நேர வேலை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இனி பதிப்பு. மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலாவது தனிப் படைப்பு: அவரே உருக்கொடுத்தோ, பட்டறைத் தட்டின் மேல் நேரடியாக வேலை செய்தோ முடித்தது. பலவற்றின் பின்பக்கம் நாள், மாதம், ஆண்டு கீறியிருக்கும். இரண்டாவது, ஒரு மூலப் படைப்பைப் பார்த்து பட்டறைக் கைவினைஞர்கள் அதே வடிவம், அதே நிறத்தில் கையால் திரும்பச் செய்தது. இதன் பின்னால் 'எடிசியோன் பிக்காசோ' என்று எழுத்தோ முத்திரையோ இருக்கும். மூன்றாவது, பிக்காசோ செதுக்கிய பிளாஸ்டர் அச்சின் மேல் மண் தகட்டை அழுத்தி எடுத்தது. 'ஆம்ப்ரான்த் ஒரிஜினால் த பிக்காசோ' என்ற முத்திரை இதற்கு. பின் இரண்டு வகையிலும் 'மதூரா ப்ளேன் ஃப' முத்திரையும் கூடவே வரும்.

1947 முதல் 1971 வரையான பதிப்பு மாதிரிகள் 633. அலன் ராமியே தொகுத்த பட்டியலில் அவற்றுக்கு எண் உண்டு, ஏல அட்டவணைகளில் வரும் 'ஏ.ஆர்.' எண் அதுதான். ஒரு மாதிரிக்கு 25 பிரதி முதல் 500 பிரதி வரை போகும். ஸ்டில் லைஃப் பதிப்புகளும் இதில் இருக்கின்றன. 'கரண்டியுடன் ஸ்டில் லைஃப்', 'ஆப்பிளும் பூங்கொத்தும்' போன்றவை 1950களில் வந்தவை. அச்சில் எடுத்ததால் இவற்றில் கோட்டுப் புடைப்பு தட்டு முழுவதும் ஒரே உயரத்தில் ஓடும். மீனும் முட்டையும் துண்டுதுண்டாக ஒட்டி, ஓரத்தில் விரல் தடமும் கீறலும் தெரிந்தால் அது தனிப் படைப்பு வகை. வண்டல் கேட்ட தட்டுகள் பெரும்பாலும் இந்த வகைதான்.

நல்ல தொகுப்புகள் பார்சிலோனா பிக்காசோ அருங்காட்சியகத்திலும் உண்டு. 1982இல் அவருடைய மனைவி ஜாக்லின் பிக்காசோ அங்கே 41 சுடுமண் படைப்புகளை அளித்தார்.

சூளைமேடு:

புடைப்பு வேலையைப் பார்ப்போம். தட்டு வேறு, உணவு வேறு என்று இரண்டு வேலையாகப் பிரித்துக்கொண்டால்தான் பாதிப் பிரச்சினை தீரும். மதூராவில் தட்டுகளைப் பட்டறையே தயாராக வைத்திருக்கும். சக்கர வேலைக்கு ஜூல் அகார் என்ற தேர்ந்த கைவினைஞர் இருந்தார். பிக்காசோ சக்கரம் சுற்றவில்லை. ஈரம் காயாத தட்டையும் குடுவையையும் எடுத்து வளைத்து, கீறி, ஒட்டி வேலை செய்தார். நீங்களும் தட்டை முதல் நாளே தயார் செய்துவிடுங்கள்.

அவர் அடிக்கடி எடுத்த நீள்சதுரத் தட்டு சுட்டபின் ஏறத்தாழ 31 × 38 செ.மீ. சிவப்பு மண் காய்ந்து சுட்டு முடிய 9 சதவீதம் சுருங்கும் என்று வைத்துக்கொண்டால், ஈரத்தில் 34 × 42 செ.மீ. வெட்ட வேண்டும். உங்கள் மண் எவ்வளவு சுருங்கும் என்று 10 செ.மீ. கோடு கீறிய பட்டையைச் சுட்டு அளந்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். தகட்டின் கனம் 9 மி.மீ. இதற்குக் குறைந்தால் ஒட்டிய பாகத்தின் எடையில் நடுப்பகுதி தொங்கும்.

கிராக் இல்லாத மண்ணைத் தட்டுக்கு அப்படியே எடுக்காதீர்கள். சுட்ட மண்ணை இடித்து, 30 மெஷ் (அங்குலத்துக்கு 30 கண்) சல்லடையில் விழுந்து 80 மெஷ்ஷில் நிற்கும் தூளை எடையில் 15 சதவீதம் பிசையுங்கள். பெரிய தட்டையான பொருள் வளையாமல் இருக்க இதைவிட எளிய வழி கிடையாது. தூள் இன்னும் கரடாக இருந்தால் மெல்லிய கோடு கீறும்போது கல் இழுத்துக் கோடு சிதறும்.

தகட்டை உருளையால் தேய்க்கும்போது திசை மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டும். ஒரே திசையில் இழுத்த தகடு சூளையில் அந்தத் திசைக்கே திரும்பும். பிளாஸ்டர் அச்சின் மேல் இறக்கி, ஓரம் தூக்கி, ஒரு இரவு மூடி வையுங்கள். நகம் பதிய வேண்டும், விரல் அழுத்தினால் வளையக் கூடாது. அந்தப் பதத்தில்தான் ஒட்டல்.

ஒட்டும் பாகங்களும் ஏறத்தாழ அதே ஈரத்தில் இருக்க வேண்டும். ஈரமான மீனை காய்ந்த தட்டில் ஒட்டினால், மீன் பின்னால் சுருங்கும், தட்டு சுருங்கி முடித்திருக்கும். வாலும் தலையும் மேலே கிளம்பிவிடும். இரு பக்கமும் குறுக்குமறுக்காகக் கீறி, அதே மண்ணில் கரைத்த குழம்பைத் தடவி, அசைத்து அழுத்தி ஒட்டுங்கள். ஓரத்தை மரக்கத்தியால் தட்டோடு இழுத்துச் சேர்த்துவிட வேண்டும். சும்மா மேலே வைத்தது சுட்டபின் தனியே வரும்.

முட்கரண்டியின் பற்களை அந்தரத்தில் நிற்க விடாதீர்கள். 5 மி.மீ. தகட்டில் முழு வடிவத்தையும் வெட்டி ஒட்டிவிட்டு, பற்களுக்கு நடுவே உள்ள மண்ணைப் பிறகு கீறி எடுங்கள். கரண்டியும் எலுமிச்சை வட்டமும் மெல்லியவை, தட்டுக்கு முன்பே காய்ந்துவிடும். உருகிய மெழுகையோ மெழுகுக் கரைசலையோ அவற்றின் மேல் மட்டும் தடவினால் ஈரம் மெதுவாகப் போகும். முட்டையின் மஞ்சள் கரு, சாசேஜ் போன்ற உருண்ட பாகங்கள் 10 மி.மீ.க்கு மேல் கனமாக இருந்தால் உள்ளே குடைந்து குழிவாக்கி, தட்டின் அடியிலிருந்து ஊசியால் ஒரு துளை போடுங்கள். மேலே போட்டால் மெருகு (சூளையில் உருகிக் கண்ணாடியாகும் பூச்சு) அடைத்துக்கொள்ளும். துளை இல்லாமல், ஈரமும் போகாமல் சூளையில் வைத்தால் நீராவி பாகத்தைப் பிளந்து எறியும். பலர் 'காற்றுக் குமிழி வெடித்தது' என்பார்கள். வெடிக்க வைப்பது ஈரம்தான். குழி காய்ந்திருந்தால் காற்று ஒன்றும் செய்யாது.

காயவைக்க ஒரு வாரமாவது வேண்டும். புடைப்பு இருப்பதால் தட்டைக் கவிழ்க்க முடியாது. அதனால் பலகையில் வைக்காமல் இடைவெளி விட்ட மரச்சட்டத்தின் மேல் வையுங்கள், அடிப்பக்கமும் காற்று வாங்கும். முதல் மூன்று நாள் செய்தித்தாளும் மேலே பிளாஸ்டிக் தாளும். ஓரத்துக்கு மட்டும் பிளாஸ்டிக் பட்டை சுற்றி வைத்தால் ஓரம் முந்திக் காய்ந்து தூக்காது.

முதல் சுடுதலில் மணிக்கு 60 டிகிரி வீதம் 120 வரை, அங்கே இரண்டு மணி நேரம் நிறுத்தம். பிறகு மணிக்கு 100 வீதம் 600 வரை. 573 டிகிரியில் குவார்ட்ஸ் திடீரென விரியும், இறங்கும்போது அதே இடத்தில் சுருங்கும். பெரிய தட்டுகள் நேர்கோட்டில் பிளப்பது பெரும்பாலும் அங்கேதான். 600க்கு மேல் மணிக்கு 150 வீதம் 1020 வரை போகலாம். சூளைப் பலகையில் மெல்லிய மணல் தூவி அதன் மேல் தட்டை வைத்தால் சுருங்கும்போது இழுபடாது. 100 டிகிரிக்குக் கீழே இறங்கும் வரை கதவைத் தொடக் கூடாது.

நெய்தல்:

மீன்முள் பற்றி. இது 1957இல், கான் நகரில் பிக்காசோ வாழ்ந்த லா கலிஃபோர்னி இல்லத்தில் நடந்தது. புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன் படமெடுத்துள்ளதால் வரிசை தெளிவாகத் தெரிகிறது. சோல் மீனைச் சாப்பிட்டு முள்ளைச் சுத்தமாக வழித்தெடுத்து, ஈர மண் தகட்டில் பதித்து, அந்த அச்சைத் தட்டில் சேர்த்து வண்ணம் தீட்டினார். பொருளின் படத்துக்குப் பதில் பொருளின் தடமே தட்டில் கிடக்கிறது. சாப்பாடு முடிந்தபின் தட்டில் என்ன மிச்சமிருக்குமோ அதுதான் அந்த ஸ்டில் லைஃப். அவருடைய உணவுத் தட்டுகளில் என் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான்.

சோல் மீன் எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. தட்டை மீன், முள்கள் ஒரே தளத்தில் விரியும். வஞ்சிரம், சங்கரா போன்றவற்றின் விலா முள்கள் வளைந்து வருவதால் அழுத்தினால் முறியும். நம் கடற்கரையில் கிடைக்கும் நாக்கு மீன் பொருத்தம், வவ்வால் மீனும் ஒத்துவரும்.

மீனைக் கொதிக்க விடாமல் ஆவியில் வேகவையுங்கள். அதிகம் வெந்தால் முள் கழன்றுவிடும். சதையை வழித்து எடுத்து, மென்மையான பல் துலக்கும் தூரிகையால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் எண்ணெய் போகக் கழுவி, இரண்டு பலகைக்கு நடுவே காயவிடுங்கள். எண்ணெய் மிச்சமிருந்தால் அந்த இடத்தில் நிறக்குழம்பு பிடிக்காது.

அச்செடுக்க மண் தட்டைவிட மென்மையாக வேண்டும். கட்டைவிரல் அழுத்தினால் குழி விழ வேண்டும், மண் விரலில் ஒட்டக் கூடாது. கிராக் கலக்காத மண்ணே நல்லது, நுண்முள்கள் எல்லாம் பதியும். 7 மி.மீ. தகட்டில் சோள மாவை மெல்லிய துணியால் தூவி, முள்ளை வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, உருளையை ஒரே ஒரு முறை ஓட்டுங்கள். திரும்ப ஓட்டினால் தடம் இரட்டிக்கும். முதுகெலும்பு தடிமனாக இருப்பதால் அது ஆழப் பதிந்து பக்க முள்கள் மங்கும். முதுகெலும்பின் மேல் பக்கத்தைக் கத்தரிக்கோலால் வெட்டித் தட்டையாக்கிவிட்டால் சரியாகும். முள்ளை வாலிலிருந்து தலைப்பக்கமாக மெதுவாக உரித்தெடுங்கள்.

முள்ளை உள்ளேயே விட்டுச் சுடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். எரிந்து வெள்ளைப் பொடியாக மிஞ்சும், மெருகு அதன் மேல் உட்காராது, சூளையும் நாறும். சிப்பியை உள்ளே விடுவது இன்னும் மோசம். சிப்பி சுட்டால் சுண்ணாம்பாகும். நாளடைவில் காற்றின் ஈரத்தை இழுத்துப் பெருத்து, நன்றாக இருந்த தட்டில் சில்லு தெறிக்கும்.

அச்சு எடுத்த துண்டை மீன் வடிவில் வெட்டி, தட்டின் பதம் வரும் வரை காத்திருந்து, சூளைமேடு சொன்னபடி ஒட்டுங்கள். உயிருள்ளதிலிருந்து அச்செடுக்கும் வேலைக்கு பிரான்ஸில் நீண்ட மரபு உண்டு. 16ஆம் நூற்றாண்டில் பெர்னார் பலிஸி உண்மையான மீன், பாம்பு, தவளை இவற்றிலிருந்து அச்செடுத்துப் பெரிய தட்டுகளில் நெருக்கமாக ஒட்டி மெருகிட்டார். அவருடைய தட்டில் குளமே தெரியும். பிக்காசோவின் தட்டில் மிஞ்சியிருப்பது முள் மட்டும்.

திரிகை:

பளபளப்பும் வறட்சியும் ஒரே தட்டில் வரும் விதத்தை நான் சொல்கிறேன். இரண்டு பொருளும் இரண்டு நேரமும் சேர்ந்த விஷயம் அது. ஈரப்பதத்தில் பூசுவது எங்கோப் எனப்படும் நிறக் களிக்குழம்பு. முதல் சுடுதலுக்குப் பிறகு பூசுவது மெருகு. மெருகைத் தட்டு முழுவதும் ஊற்றாமல் தூரிகையால் சில இடங்களில் மட்டும் வைத்தால் அங்கே கண்ணாடி, மற்ற இடத்தில் மண். மீனின் கண், எலுமிச்சையின் சாறுள்ள பகுதி, முட்டையின் மஞ்சள் என்று எங்கே ஈரம் இருக்குமோ அங்கே மட்டும் மெருகு வைத்துப் பாருங்கள். கண் அதை உணவாகவே படிக்கும்.

வெள்ளை எங்கோப்புக்குத் தொடக்கக் கலவை, எடையில்: பால் க்ளே (ball clay, குழைவான களிமண்) 40, சைனா க்ளே (வெள்ளைக் களிமண்) 20, குவார்ட்ஸ் தூள் 20, ஈயமில்லாத ஃப்ரிட் (உருக்கி அரைத்த கண்ணாடித் தூள்) 20. தண்ணீரில் கரைத்து 80 மெஷ்ஷில் இரண்டு முறை வடித்து, கடைந்த தயிர் பதத்துக்குக் கொண்டு வாருங்கள். நிறத்துக்கு 100 கிராம் உலர்ந்த கலவையில் கோபால்ட் கார்பனேட் 1 கிராம் போட்டாலே நல்ல நீலம், 2 போட்டால் ஏறக்குறைய கருநீலம். காப்பர் கார்பனேட் 4 கிராம் பச்சை. கறுப்புக்கு சிவப்பு இரும்பு ஆக்சைடு 8, மாங்கனீஸ் டை ஆக்சைடு 4, கோபால்ட் கார்பனேட் 2. எலுமிச்சை மஞ்சளுக்குப் பழைய குயவர்கள் ஈயமும் ஆண்டிமனியும் சேர்ந்த நிறத்தைப் பயன்படுத்தினார்கள், அதைத் தொடவே வேண்டாம். பிரசியோடைமியம்-சிர்கான் ஸ்டெயின் (தயார் நிறத்தூள்) 10 கிராம் அதே பிரகாசத்தைத் தரும். பூசிப் பார்க்கும்போது காப்பரும் கோபால்ட்டும் வெளிறிய தூளாகத்தான் தெரியும், சுட்டபின் வரும் நிறம் கண்ணுக்குத் தெரியாது. மாதிரி ஓடு சுட்டு எண்ணிட்டு வைத்துக்கொண்டே நிறம் முடிவு செய்யுங்கள்.

மதூரா வேலைகளில் அடிக்கடி வரும் இன்னொரு முறை ஆக்சைடு கலந்த பாரஃபின் மெழுகு. கறுப்புக் கோடுகள் வெள்ளை மெருகுக்கு நடுவே சற்றுப் பள்ளமாக, வறண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் சுடுதல் முடிந்த தட்டில், உருகிய பாரஃபினில் இரும்பு-மாங்கனீஸ் தூள் கலந்து தூரிகையால் கோடு இழுத்துவிட்டு, வெள்ளை மெருகில் மூன்று விநாடி முக்கி எடுப்பார்கள். மெழுகு மெருகைத் தள்ளிவிடும். சூளையில் மெழுகு எரிந்துபோகும், ஆக்சைடு மட்டும் மண்ணில் கோடாக மிஞ்சும். மெழுகை நேரடி நெருப்பில் உருக்கக் கூடாது, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். தூரிகை ஆறினால் கோடு கட்டியாகும், ஆகவே ஒவ்வொரு கோட்டுக்கும் முக்கி உடனே இழுத்துவிட வேண்டும். தயங்கிய கை கோட்டில் தெரிந்துவிடும். மதூரா தட்டுகளில் அந்தக் கோடு தடுமாறாமல் ஓடுவதற்கு பிக்காசோவின் கை வேகம் எந்த அளவு உதவியிருக்கும் என்று செய்து பார்த்தால் புரியும். மெழுகு சிந்திய இடத்தைத் துடைத்தால் போகாது, சுரண்டிவிட்டுத் தட்டை மீண்டும் சுட வேண்டும்.

மெருகுச் சுடுதல் 1000 டிகிரி போதும். மெழுகு எரியும்போது வரும் புகைக்கும், மாங்கனீஸ் ஆவிக்கும் சூளை அறைக்கு வெளிக்காற்று கட்டாயம். குவார்ட்ஸ் தூளை எடைபோடும்போது நல்ல முகக்கவசம் போடுங்கள், நுரையீரலுக்குப் போன தூசு திரும்பி வராது.

பச்சையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வலோரிஸ் சமையல் பாத்திர ஊர், அந்த மரபு மெருகு ஈயத்தில் செய்தது. காப்பர் ஈய மெருகில் இலைப்பச்சை தரும். நம் போரான் ஃப்ரிட் மெருகில் அது நீலம் கலந்த பச்சையாகும். 1 சதவீதம் இரும்பு சேர்த்தால் இலைப்பச்சைக்கு நெருங்கும், முழுதாக வராது. அந்தப் பச்சைக்காக ஈயம் வாங்கப் போகாதீர்கள். காப்பர் சேர்ந்த ஈய மெருகிலிருந்து புளிப்பு உணவில் ஈயம் இன்னும் அதிகமாக இறங்கும்.

வண்டல்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு சோதனைத் துண்டில் திரிகை சொன்னது போன்ற வெள்ளைக் குழம்பைப் பூசிச் சுட்டதில், நடுவில் நன்றாகப் பிடித்திருக்கிறது, தட்டின் ஓரத்திலும் கரண்டியின் விளிம்பிலும் மட்டும் செதில் செதிலாக உரிகிறது. விரிசல் இல்லை. குழம்பு தடிமனாகிவிட்டதா?

இன்னொன்று. உணவின் அடியில் மேசைவிரிப்பின் கட்டங்களையும், உணவைச் சுற்றி ஒரு வட்டத் தட்டின் வெளிக்கோட்டையும் வரையலாமா என்று யோசனை.

சூளைமேடு:

விரிசல் இல்லாமல் விளிம்பில் உரிந்தால் தடிமனை முதலில் சந்தேகிக்க வேண்டாம். குழம்பு மண்ணைவிட அதிகம் சுருங்கினால் சேற்றுப் படுகை போல வெடிக்கும். மண்ணைவிடக் குறைவாகச் சுருங்கினால் மண் உள்ளே இழுத்துக்கொள்ள, குழம்புக்கு இடம் போதாமல் விளிம்பில் துள்ளி விழும். உங்களுடையது இரண்டாவது. குவார்ட்ஸை 20லிருந்து 12ஆகக் குறைத்து, பால் க்ளேயை 48 ஆக்குங்கள். பிறகு விரிசல் வர ஆரம்பித்தால் பால் க்ளேயில் 5 குறைத்து, அந்த அளவுக்குச் சுட்ட சைனா க்ளே போடுங்கள்.

பூசிய நேரமும் காரணமாகலாம். விளிம்புதான் முதலில் காயும். நடு சரியான பதத்தில் இருக்கும்போது விளிம்பு வெளுத்துவிட்டிருந்தால் அங்கே குழம்பு பிடிக்காது. பூசும் முன் ஈர ஸ்பாஞ்சால் விளிம்பை ஒரு முறை தடவிக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக உப்பு. உங்கள் மண்ணைக் கரைத்தது போர்வெல் தண்ணீரிலா? தண்ணீர் ஆவியாகும் வழியில் உப்பு மேற்பரப்புக்கு வரும், வேகமாகக் காயும் விளிம்பிலும் புடைப்பின் முனையிலும் சேரும். சுடாத தட்டு காய்ந்தபின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அதுதான். ஆர்.ஓ. தண்ணீரோ மழைநீரோ எடுத்து மண்ணையும் குழம்பையும் கரையுங்கள். மண்ணிலேயே உப்பு இருந்தால் மெதுவாகக் காயவைப்பதும் உதவும்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் மட்டும் செய்து பார்க்க வேண்டும். மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போகும்.

கோட்டுச்சித்திரம்:

உணவைச் சுற்றித் தட்டின் வெளிக்கோட்டை வரையாதீர்கள். கையில் இருப்பதே தட்டு, அதன் ஓரமே சட்டகம். அதற்குள் இன்னொரு தட்டு வந்துவிட்டால் கையில் இருப்பது வெறும் மேசையாகி, பழைய கான்வாஸ் ஸ்டில் லைஃபுக்கே திரும்பிவிடுவீர்கள். மேசைவிரிப்புக் கட்டங்களும் அப்படியே. ஓரத்தில் மட்டும் சில கோடுகளோ புள்ளிகளோ போட்டு விடுவது பிக்காசோவே நிறையச் செய்தது, அது தட்டுக்கு உரிய அலங்காரமாக நிற்கும்.

பார்வைக் கோணமும் முக்கியம். மேசையில் வைத்த தட்டை மேலிருந்துதான் பார்ப்போம். ஆகவே முட்டை வட்டமாக, எலுமிச்சை வட்டமாக, மீன் பக்கவாட்டில் முழு நீளத்துக்குக் கிடக்கட்டும். பக்கவாட்டுக் கோணத்தில் குறுக்கி வரைந்த கோப்பை ஒன்றை உள்ளே கொண்டு வந்தால் தட்டின் தளம் உடைந்துவிடும். புடைப்பு இருக்கும் இடத்தில் நிழலும் வரைய வேண்டாம். அறையில் இருக்கும் வெளிச்சமே உண்மையான நிழலைக் கரண்டியின் அடியில் விழவைக்கும். வரைந்த நிழல் ஒரு பக்கம், விழும் நிழல் மறுபக்கம் என்றானால் இரண்டும் பொய்யாகத் தெரியும்.

அளவும் ஒன்று. மீனும் கரண்டியும் உண்மை அளவிலேயே இருக்கட்டும், சுட்டபின் உள்ள அளவில். முள் அச்சை உண்மை மீனிலிருந்து எடுத்தால் அது 9 சதவீதம் சிறுத்துவிடும், அதற்கேற்ப 20 செ.மீ. வேண்டுமென்றால் 22 செ.மீ. மீனாக வாங்குங்கள்.

திரிகை:

முடித்த தட்டை உணவுக்கோ தண்ணீருக்கோ பயன்படுத்த வேண்டாம். மெருகில்லாத இடம் 1000 டிகிரியில் சுட்ட மண், தண்ணீர் உறிஞ்சும். எண்ணெய்க் கை பட்டாலும் கறை இறங்கும். சுவரில் மாட்டுவதாக இருந்தால் ஈரத்திலேயே அடியில் வளையம் ஒட்டுங்கள், அல்லது பின்விளிம்பில் இரண்டு துளை போடுங்கள். சுட்டபின் துளையிடப் போனால் புடைப்பு கனமான இடத்தில் தட்டு பிளக்கும். இரண்டு கிலோவுக்கு மேல் எடை போகும் என்பதால் கம்பியை மேல் விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே கட்டுங்கள், அப்போதுதான் தட்டு முன்னால் சாயாது.